வலது முழங்காலில் ஒரு வீடு

கியூப் சாருக்கு உடம்பில் ஒரு பிடி சதைகூடக் கூடவில்லை. ஆனால் ஐம்பது வயதை எட்டுவதற்குள் அவருடைய எடை, ஆட்கள் நிரம்பிய ஒரு பேருந்தின் எடையைத் தாண்டிவிட்டது. இது வாய்க்கு வந்தபடி சொல்வது அல்ல. லாரிகளை நிறுக்கிற எடைமேடையில் அவர் ஏறி நின்று பார்த்தார். மேடைக்காரர் முள்ளைப் பார்த்துவிட்டு, லாரி எங்கே என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். முழுக்கைச் சட்டையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு, ஒல்லியாக ஒரு மனிதர் நின்றுகொண்டிருந்தார். ரசீது வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அன்று வெயில் கொஞ்சம் அதிகம். தார்ச்சாலையில் அவருடைய செருப்புத் தடங்கள் வரிசையாகப் பதிந்தன. அடுத்த மழையில் அவற்றில் தண்ணீர் தேங்கியது, குருவிகள் வந்து குடித்தன.

அவருடைய உத்தியோகம் உடைப்பது. ஊரில் எங்கே கட்டிடம் எழும்பினாலும், தூணுக்கும் தளத்துக்கும் கொட்டுகிற அதே கான்கிரீட்டில் கொஞ்சம் எடுத்து, இரும்பு அச்சில் சதுரக் கட்டிகளாக வார்த்து, அவருடைய பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. அந்தக் கட்டிக்குத்தான் கியூப் என்று பெயர். அதை வைத்துத்தான் அவருக்கும் பெயர். கட்டிகள் தொட்டித் தண்ணீரில் இருபத்தெட்டு நாள் ஊறும். பிறகு இயந்திரத்தின் இரண்டு தட்டுகளுக்கு நடுவே வைத்து, உடையும்வரை நசுக்குவார்கள். எவ்வளவு பாரத்தில் உடைந்தது என்று எழுதி அவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த மாடி ஏறும். வருஷக்கணக்காக இந்த வேலையை அவர் ஒரு பிசகு இல்லாமல் செய்தார். பிசகு இல்லாமல் செய்கிறவனை யாருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. திறப்பு விழாக்களில் வர்ணம் அடித்தவருக்குக்கூட முன்வரிசையில் நாற்காலி போட்டார்கள். இவருக்கு அழைப்பிதழ் வராது. தப்பித் தவறி வந்தாலும் விழா முடிந்த மறுநாள் வரும்.

பிசகு வந்த விதம் அற்பமானது. எந்தக் கட்டி எந்தக் கட்டிடத்தினுடையது என்று அதன்மேல் எண்ணெய் வண்ணத்தில் எழுதி வைப்பது வழக்கம். அந்த மாதம் வண்ணம் தீர்ந்துபோயிற்று. புது டப்பா கேட்டு மேலிடத்துக்கு எழுதிப் பதில் வருவதற்குள் கட்டிகள் வந்து குவிந்துவிட்டன. சாக்கட்டியால் எழுதிப் போடுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னவர் கியூப் சார்தான். இருபத்தெட்டு நாள் கழித்துத் தொட்டியைத் திறந்தால், ஒரே நிறம், ஒரே அளவு, ஒன்றிலும் எழுத்து இல்லை. உதவியாளர்களைக் காபி குடிக்க அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, எல்லாவற்றையும் அவரே நசுக்கிப் பார்த்தார். பெரும்பாலானவை தாக்குப்பிடித்தன. சில மட்டும் நமுத்த பிஸ்கட்டாக உதிர்ந்தன. ஊரில் யாரோ ஒருவருடைய கட்டிடம் மோசம் என்று தெரிந்துவிட்டது. யாருடையது என்றுதான் தெரியவில்லை. தப்பு என்னுடையது, மறுபடி வார்த்து அனுப்புங்கள் என்று எல்லாருக்கும் நாலு வரி எழுதியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் வேலைகள் நிற்கும், மேலிடம் விளக்கம் கேட்கும், கூடத்துச் சின்னப் பையன்கள் முதுகுக்குப் பின்னால் சாக்கட்டி சாக்கட்டி என்று சிரிப்பார்கள். திருடுவதற்குப் பயப்படாதவர்கள் உண்டு. சிரிப்புக்குப் பயப்படாதவர்கள் குறைவு. எல்லாருக்கும் நல்ல எண்ணாகப் போட்டு, கையெழுத்தையும் போட்டார்.

அடுத்த வாரம் சிரிப்புக் கான்ட்ராக்டர் வந்தார். அழும்போதும் சிரித்துக்கொண்டே அழுகிறவர் என்பதால் அந்தப் பெயர். அவர் அப்போது புதுப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார். கூடத்துக்குள் நுழைந்து, நாற்காலியில் உட்காராமல், கியூப் சாருடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"சார், அந்தக் கலவை எப்படிப் போச்சுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். சட்டம் பேசறதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. மனுஷன்னு ஒருத்தர் இருக்கார்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

உதிர்ந்த கட்டிகள் யாருடையவை என்று கியூப் சாருக்கு அந்த நிமிஷம் விளங்கிவிட்டது. வாயைத் திறந்திருக்கலாம். அது தயவு இல்லை ஐயா, சாக்கட்டி அழிந்துபோனது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவருடைய கையை இதுவரை யாரும் அப்படிப் பிடித்ததில்லை. கான்ட்ராக்டரின் உள்ளங்கை வெதுவெதுப்பாக இருந்தது. "அதனால என்ன, பரவாயில்ல" என்று சொல்லிவிட்டார். செய்யாத உபகாரத்துக்கு நன்றி வாங்கிக்கொண்டவர், அதற்குப் பிறகு செய்துதான் ஆக வேண்டியிருந்தது.

பிறகு வந்தவையெல்லாம் ஊரறிந்த பாதையில் வந்தன. உறை வந்தது, முதலில் வேண்டாம் என்றார், மேசைமேல் இருக்கட்டும் என்றார், பிறகு மேசையின் இழுப்பறை தானாகத் திறந்திருக்கப் பழகியது. விழாக்களில் முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. கணக்குப் போட்டு மனசைச் சமாதானப்படுத்த அவருக்குப் படிப்பு கைகொடுத்தது: வடிவமைக்கிற பொறியாளர் எப்படியும் தேவையைப்போல ஒன்றரை மடங்கு பலம் வைத்துத்தான் வரைகிறார், அந்த அரை மடங்கு சும்மா தூங்குகிறது, அதிலிருந்து கொஞ்சம் கிள்ளினால் யாருக்கு என்ன நஷ்டம்? பள்ளிக்கூடத்துக்குப் பிறகு நூலகம், அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியின் புதுப் பகுதி, சினிமாக் கொட்டகை, ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. கட்டிகளை நசுக்காமலேயே எண்களை எழுதுகிற அளவுக்குக் கை தேறிவிட்டது. அவரும் மாடி வைத்து ஒரு வீடு கட்டிக்கொண்டார். அதற்கு மட்டும் கட்டிகளை ஒழுங்காக நசுக்கிப் பார்த்தார்.

எடை ஏற ஆரம்பித்தது பள்ளிக்கூடம் திறந்த அன்றிலிருந்து. முதலில் நாற்காலிகள் முனகின. ஸ்கூட்டரின் பின்சக்கரம் வாரம் ஒரு முறை வெடித்தது. அலுவலக மின்தூக்கி, அவர் ஒருவர் ஏறினாலே ஆள் அதிகம் என்று மணி அடித்தது. சமயத்தில் இறங்க ஆளில்லாமல் அவரும் மின்தூக்கியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொன்னார். வீட்டு மாடியின் உத்தரம் ஒருநாள் நெரிந்த சத்தம் கேட்டபின், அவருடைய படுக்கை கீழ்த்தளத்துத் தரைக்கு வந்தது. மகளுக்குப் பரீட்சை நடந்த ஒரு காலையில், வாசலில் நின்றவளை ஆசீர்வதிப்பதுபோலத் தோளில் கை வைத்தார். அவள் ஐயோ என்று உட்கார்ந்துவிட்டாள். தோள் எலும்பு ஓரம் நீலமாகக் கன்றி, ஆற ஒரு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகு அவர் வீட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போகிற வரைக்கும் அவள் தலையை அவர் ஒரு தடவைகூடத் தொடவில்லை. அப்பாவுக்குக் கோபம் என்று அவள் சின்ன வயசில் நினைத்தாள். பெரியவளானபின் அப்பா அப்படித்தான் என்று விட்டுவிட்டாள். அந்த இரண்டாவதுதான் அவருக்கு அதிகம் வலித்தது.

எது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை அவர் மெல்ல மெல்லக் கண்டுகொண்டார். காலையில் பள்ளி மணி அடிக்கும்போது இடது தோளில் பாரம் படிப்படியாக ஏறும். பிள்ளைகள் மாடிக்குப் போகிறார்கள். இடைவேளையில் அது சலசலவென்று இறங்கும். விடுமுறை நாளில் தோள் காலியாக, பழக்கமில்லாமல், குளிரும். இடுப்பில் ஆஸ்பத்திரி, அங்கே பாரம் இரவும் பகலும் அசையாது. அதற்குக் கீழே இடது தொடையில் குடியிருப்பு. சினிமாக் கொட்டகை முதுகில். நல்ல படம் வந்தால் மூன்று வாரம் நிமிர முடியாது, மோசமான படம் வந்தால் அவருக்கு நிம்மதி. நூலகம் பிடரியில் ஒரு விரல் வைத்தது போல, அவ்வளவுதான். அதில் ஊரின் லட்சணம் தெரிந்தது. தூண்கள் தாங்க வேண்டியதைத் தான் தாங்குகிறோம் என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, படுத்தால் புரள முடியவில்லை, நடந்துகொண்டே இருந்தார். அவர் சுற்றிச் சுற்றி நடந்த முற்றத்தில் வண்டிப் பாதைபோல ஒரு வட்டப் பள்ளம் விழுந்தது. இதற்கிடையில் மகளுக்கு அதே பள்ளிக்கூடத்தில் ஆசிரியை வேலை கிடைத்தது. மேல்மாடி, கடைசி வகுப்பு. கூட்டத்தில் அவளுடைய நடை மட்டும் இடது தோளில் தனியாகத் தெரிந்தது.

ஒருநாள் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டே கேட்டாள், கையை நிறுத்தவில்லை.

"எதுக்குச் செஞ்சீங்க? நான் நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா?"

"நீ ஒண்ணும் கேக்கல."

"பின்ன?"

"ஒருத்தன் வந்து கையைப் பிடிச்சான். நல்ல மனுஷன்னு சொன்னான். இல்லைன்னு சொல்ல வரல எனக்கு."

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இதற்கா, இவ்வளவுக்குமா என்று அவரைப் பார்த்தாள். பிறகு துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்க ஆரம்பித்தாள். "மாடி எங்கேர்ந்து வந்துச்சுன்னு நானும் கேக்கலையே" என்றாள். "காத்து நல்லா வருதுன்னு நினைச்சுக்கிட்டேன்." அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

அவர் ஓடிப்போனது அந்த வாரத்தில்தான். எந்த வண்டியும் தாங்காது என்பதால் நடந்தே போனார். ஊரின் எல்லைக்கல்லைத் தாண்டி ஓர் எட்டு வைத்தார். உடம்பிலிருந்து எல்லாம் கழன்று விழுந்தது. அந்தப் பக்கம் நின்றது ஒல்லியான, சாதாரண எடையுள்ள ஒரு மனிதர். ஒரு தடவை குதித்துப் பார்த்தார். பிறகு வயசை மறந்து இரண்டு மூன்று தடவை குதித்தார். சாலையோரக் கடையில் பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. அதில் போய் உட்கார்ந்தார், அது முனகக்கூட இல்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீ சொன்னார். டீ வருவதற்குள் மகளிடமிருந்து தொலைபேசி வந்தது.

"அப்பா, எங்க வகுப்புச் சுவர்ல திடீர்னு விரிசல் விட்டிருக்குப்பா. விரல் நுழையுது. பசங்க ஸ்கேலை உள்ள விட்டு விளையாடறாங்க. யார்கிட்ட சொல்றது, நீங்கதான அந்த வேலை…"

அவர் டீக்குக்கூடக் காத்திருக்கவில்லை. எல்லைக்கல்லை நோக்கி ஓடினார். அந்தப் பக்கத்திலிருந்து ஓடி வந்தவர் இந்தப் பக்கத்தில் கால் வைத்ததும் மண்டியிட்டு விழுந்தார். பள்ளிக்கூடம் வந்து தோளில் அமர்ந்தது, ஆஸ்பத்திரி இடுப்பில் அமர்ந்தது, ஒவ்வொன்றும் தன் தன் இடத்தில் வந்து அமர்ந்தது. அன்று பார்த்து கொட்டகையில் புதுப்படம். வீட்டுக்கு நடந்து வந்து சேர இருட்டிவிட்டது. வகுப்பறைச் சுவரின் விரிசல் அவர் விழுந்த நிமிஷமே மூடிக்கொண்டது. ஒரு மாணவனின் ஸ்கேல் பாதி சுவருக்குள்ளும் பாதி வெளியிலுமாக மாட்டிக்கொண்டது. பிடுங்கிப் பார்த்தும் வரவில்லை.

அவர் போய் நடந்ததைப் பெரிய பொறியாளரிடம் ஒப்புக்கொண்டார். ஒரு குழு பள்ளிக்கூடத்துக்கு வந்தது. சுத்தியலால் தட்டிப் பார்த்தது, காதை வைத்துக் கேட்டது, கட்டிடம் கல் மாதிரி இருக்கிறது என்றது. இருக்காதா பின்னே, அவர்தான் வாசலில் நின்றுகொண்டிருந்தாரே. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஸ்கேலைக் காட்டியபோது, இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் செய்வார்கள் என்றார் ஒருவர். சிரிப்புக் கான்ட்ராக்டர் கியூப் சாரைத் தனியாக அழைத்துப்போய் மறுபடியும் கைகளைப் பிடிக்க வந்தார். "சார், நிக்கிற கட்டிடத்தை எதுக்கு சார் விழும்னு சொல்றீங்க? குறைச்ச விலை சொன்னவனுக்குத்தான் வேலைங்கிறான். கட்டுப்படி ஆகுற விலை சொன்னா என் தொழிலாளி பட்டினி. நான் மட்டுமா பண்றேன்?" கியூப் சார் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். அந்தப் பழக்கம் ஒரு தடவையாவது உதவியது.

நம்பியவள் மகள் மட்டும்தான். அவள் அந்த ஸ்கேலைத் தினமும் பார்த்துக்கொண்டு பாடம் நடத்துகிறவள். கீழ்த்தளத்தில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்ற அப்பாவிடம் வந்து, என் தோள் கன்றிப்போனதே, அன்றைக்கும் இதுதானா என்று கேட்டாள். இதுதான் என்றார். அவள் கண்ணில் இருந்தது மன்னிப்பு என்று சொல்ல முடியாது. உங்களால் எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விதான் அதில் பாதி. நாளைக்கு நான் மணி அடிக்கிறேன், நீங்கள் கல்லைத் தாண்டி நடங்கள் என்று மட்டும் சொன்னாள். நூலகத்தையும் கொட்டகையையும் அவள் அம்மா பார்த்துக்கொண்டாள். வெடிகுண்டு இருப்பதாகத் தொலைபேசியில் சொன்னது யார் என்று இன்றுவரை போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியும் குடியிருப்பும்தான் கவலையாக இருந்தன. அவற்றைக் காலி செய்ய வழியில்லை. இடுப்பையும் கால்களையும் கல்லுக்கு இந்தப் பக்கம் வைத்துக்கொண்டு இடது தோளை மட்டும் அந்தப் பக்கம் நீட்டிவிடலாம் என்று கியூப் சார் யோசனை சொன்னார், பொறியாளர் அல்லவா.

மறுநாள் யாரையும் கேட்காமல் மகள் தீ ஒத்திகை மணியை அடித்தாள். தலைமை ஆசிரியை திட்டிக்கொண்டே பிள்ளைகளோடு மைதானத்துக்கு வந்தார். இடது தோளிலிருந்து ஒவ்வொரு வகுப்பாக இறங்குவதை அவர் எல்லைக்கல்லின் அருகே நின்று உணர்ந்தார். கடைசியாக ஒரே ஒரு நடை மிச்சமிருந்தது, ஒவ்வொரு அறையாக நின்று நின்று பார்த்தது, அது மகள். அது படியிறங்கி முடியும்வரை அவர் மூச்சு விடவில்லை. பிறகு தரையில் படுத்து, தோளை மட்டும் கல்லுக்கு அப்பால் நீட்டினார். பள்ளிக்கூடம் அவசரமில்லாமல், நாள் முழுக்க நின்று களைத்தவர் உட்காருவது போல உட்கார்ந்தது. ஒரு பிள்ளைக்கும் கீறல் இல்லை. தூசி அடங்கியபோது தலைமை ஆசிரியை திட்டுவதை நிறுத்தியிருந்தார்.

நீதிமன்றம் முதல் மாடியில் இருந்ததால் நீதிபதி கீழே வந்து மரத்தடியில் வழக்கைக் கேட்டார். ஏன் செய்தார் என்று ஊர் பல காரணம் சொன்னது: பேராசை, பெண்டாட்டி, புது வீடு, காலம் கெட்டுப்போச்சு. சாக்கட்டியை அவர் சொன்னபோது யாரும் எழுதிக்கொள்ளவில்லை. சிறை எல்லைக்கு வெளியே இருந்தது. அங்கே அனுப்பினால் ஆஸ்பத்திரி என்ன ஆவது என்ற கேள்வி வந்தது. எனவே ஊரே சிறை, எல்லைக்கல் தாண்டக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. வேலை போயிற்று, மாடி வீடு போயிற்று. ஆஸ்பத்திரிக்கும் நூலகத்துக்கும் குடியிருப்புக்கும் தூண்களைச் சுற்றிப் புதுக் கம்பி கட்டி, புதுக் கான்கிரீட் போட்டார்கள். ஒவ்வொரு தூணும் இறுகும்போது அவரிடமிருந்து ஒரு பாரம் குறைந்தது. சினிமாக் கொட்டகையை இடித்த மாலையில் முதுகு நிமிர்ந்தது. அன்று மகள் வாடகை வீட்டுக்கு வந்திருந்தாள். கிளம்பும்போது வாசலில் நின்றாள். தலையைக் கொஞ்சம் குனிந்தபடி, "வைங்கப்பா" என்றாள்.

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். அவள் அப்படியே நின்றாள். பின்னால் கட்டிய கையை அவிழ்க்கவே வெகுநேரம் ஆயிற்று. வைத்தார். ஓர் அப்பாவின் கை எவ்வளவு கனக்குமோ அவ்வளவுதான் கனத்தது. அவள் முடியில் ஒன்றிரண்டு நரை இருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார், அழுதார்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. சிரிப்புக் கான்ட்ராக்டர் தன் சொந்த வீட்டை மட்டும் முதல்தரமாகக் கட்டச் சொல்லியிருந்தார். அவருடைய ஆட்கள் அவரிடம் கற்ற வித்தையை அவருக்கே காட்டிவிட்டார்கள், அவரும் கியூப் சாருடைய கையெழுத்தை நம்பிக் குடியேறிவிட்டார். அந்த வீடு வலது முழங்காலில் இருக்கிறது. கான்ட்ராக்டர் மேல் போட்ட வழக்கு மேல்முறையீட்டில் நிற்கிறது. வீட்டுத் தூணைப் பலப்படுத்தினால் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகும், வேறு வீட்டுக்குப் போனாலும் அப்படியே ஆகும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் அவர் அங்கேயே இருக்கிறார். இரவில் தூக்கம் வராமல் மேல்மாடியில் அங்குமிங்கும் நடக்கிறார். அந்த நடை ஒவ்வொன்றும் கியூப் சாருக்கு முழங்காலில் தெரிகிறது. தண்டனைக் காலம் முடிந்து வருஷங்கள் ஆகிவிட்டன, இப்போது கல்லைத் தாண்டினால் யாரும் கேட்கப்போவதில்லை. தினமும் காலையில் வலது காலை இழுத்துக்கொண்டு கல் வரைக்கும் நடந்து போவார். அந்தப் பக்கத்துச் சாலையைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். திரும்பிவிடுவார்.

திரும்பும் வழியில் பால்காரர் சைக்கிளை நிறுத்தி, கால் எப்படி இருக்கிறது என்று விசாரிப்பது வழக்கம்.

"விருந்தாளி வந்திருக்காங்கப்பா, நேத்து சாயங்காலமே" என்றார் ஒருநாள் கியூப் சார். "மூணு நாலு பேர் இருக்கும். கூட ஒரு சின்னக் குழந்தை. மாடிப்படில ஏறி ஏறி இறங்குது, தூங்கவே விடல."

பால்காரர் சரி என்று தலையாட்டிவிட்டு, கான்ட்ராக்டர் வீட்டுக்குக் கூடுதலாக ஒரு லிட்டரை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு, சைக்கிளை மிதித்தார்.